ஆர்-22 குளிரறையில் கேஸ் மாற்றுவது: ஆயிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

குளிரறைக்காரி எழுதியது:

வணக்கம். எங்கள் காய்கறிக் குளிரறைக்குப் பதினாறு வயது. மூன்று மீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம். குளிரூட்டும் கேஸ் ஆர்-22, நாலு கிலோ பிடிக்கும். உள்ளே நாலு டிகிரி வைக்கிறோம். கம்ப்ரஸர் போல்ட் போட்டது, ஆயில் பார்க்கக் கண்ணாடி உண்டு. போன மாதம் உள் காயிலில் லீக் வந்து பாதி கேஸ் போய்விட்டது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22-ஐ இனியும் நிரப்ப மனம் வரவில்லை. ஒரு மெக்கானிக், "புரொப்பேன் போடலாம், ஓசோனுக்கு நல்லது, ஆயிலைத் தொட வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் 407சி என்ற மாற்று கேஸ் போட்டு ஆயிலை முழுக்க மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் 422டி என்ற இன்னொரு மாற்று கேஸ் போட்டால் பழைய ஆயிலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

அம்மா, முதலில் புரொப்பேனை ஒதுக்கி வையுங்கள். அருமையான கேஸ்தான், உங்கள் கம்ப்ரஸரில் இருக்கும் பழைய மினரல் ஆயிலோடும் (பெட்ரோலிய எண்ணெய்) ஒத்துப்போகும். ஆனால் உங்கள் மெஷினை அதற்காகச் செய்யவில்லை. கணக்கைப் பாருங்கள். நாலு கிலோ ஆர்-22 இருந்த இடத்தில் புரொப்பேன் சுமார் ஒன்றே முக்கால் கிலோ போகும். ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். உங்கள் அறை 30 கன மீட்டர், அதாவது 1,140 கிராம் போதும். லீக்கான காயில் இருப்பதும் அந்த அறைக்குள்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். தெர்மோஸ்டாட், கதவு ஹீட்டர், லைட் சுவிட்ச் என்று பொறி வரக்கூடிய இடங்கள் எத்தனை! வீட்டு ஃப்ரிட்ஜுக்கே எரியும் கேஸ் 150 கிராமுக்கு மேல் கூடாது என்றுதான் உலகத் தரவிதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆயில். ஆர்-12 என்ற பழைய கேஸ் போய் 134ஏ என்ற கேஸ் வந்த நாட்களில் நான் ஒரு கூலரில் கேஸை மட்டும் மாற்றினேன், பழைய ஆயிலை அப்படியே விட்டேன். முதல் வாரம் நன்றாகக் குளிர்ந்தது. மூன்றாவது வாரம் கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது. திறந்தால் பேரிங் கருநீலமாக வெந்திருந்தது. ஆயில் எல்லாம் காயிலின் அடியில் போய்த் தங்கியிருந்தது; 134ஏ-வில் அது கரையாததால் திரும்பி வரவே இல்லை. அந்த முதலாளியின் நஷ்டம் என் கையால் வந்தது, இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஆயில் கண்ணாடியைப் பார்க்காமல் எந்த மெஷினையும் விட்டு நகர்வதில்லை.

407சி போடுவதென்றால் மினரல் ஆயிலை வடித்து பிஓஇ என்ற செயற்கை ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். பழைய ஆயில் 5 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை இதே வேலைதான். பிஓஇ ஈரத்தை இழுக்கும், டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரும் புதிது வேண்டும். பலர் மறப்பது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். ஆர்-22-இல் ஊறிப் பருத்திருந்த ரப்பர் புது கேஸில் சுருங்கும். நேற்றுவரை நன்றாக இருந்த இணைப்பு நாளை கசியும். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். 407சி மூன்று கேஸ்களின் கலவை, மூன்றும் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. அதனால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கலவை மாறிப்போகும்.

422டி-யில் 3.4 சதவீதம் ஐசோபியூட்டேன் இருக்கிறது. பழைய ஆயிலை இளக்கித் திரும்பக் கொண்டுவருவது அதுதான். குழாய் குட்டையாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் புவியைச் சூடாக்கும் கணக்கில், கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், ஆர்-22 1,810, 407சி 1,774, 422டி 2,729. ஓசோனைக் காப்பாற்றப் போய் வெப்பத்தைக் கூட்ட வேண்டுமா? உங்கள் கம்ப்ரஸரில் ஆயிலை வடிக்க முடியும், 407சி-யே போடுங்கள்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன ஆயில் தொல்லைக்கும் ஓசோன் தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: குளோரின். மினரல் ஆயிலோடு ஆர்-12-ஐக் கலக்க வைத்ததும், பேரிங்கில் உராய்வைக் குறைத்ததும் அதுதான்; 134ஏ, 407சி போன்ற புது கேஸ்களில் அது இல்லை. அதே குளோரின் ஓசோன் இருக்கும் மேல்காற்று அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்ஃபியரில் புற ஊதாக் கதிரால் பிரிந்து ஓசோனைச் சிதைக்கிறது என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். 1987-இல் ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-22-இல் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் பெரும்பகுதி கீழ்க்காற்றிலேயே சிதைந்துவிடும். ஆர்-11 என்ற பழைய கேஸின் ஓசோன் பாதிப்பை 1 என்று வைத்தால் ஆர்-22-இன் பாதிப்பு 0.055. ஆனாலும் மீதி மேலே போகிறதே.

மாற்று தேடியவர்களுக்கு இருந்த சிக்கலும் இதுவே. குளோரினைக் குறைத்து ஹைட்ரஜனைக் கூட்டினால் எரியும், ஃபுளோரினைக் கூட்டினால் காற்றில் நெடுநாள் நின்று வெப்பத்தைப் பிடிக்கும். எரியும் தன்மையை அடக்க 407சி-யில் ஆர்-125 சேர்த்திருக்கிறார்கள், அதன் வெப்பக் கணக்கு எகிறுவதற்கு ஒரு காரணம் அது. 2016-இல் கிகாலியில் ஒப்பந்தத்தைத் திருத்தி குளோரின் இல்லாத இந்த ஃபுளோரின் கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்ததும் அதனால்தான்.

குளிரறைக்காரி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, டீச்சர். காயிலை மாற்றி 407சி போடுகிறோம். இன்னொன்று: மெஷினில் மீதி இரண்டு கிலோ ஆர்-22 இருக்கிறது. "கொஞ்சம்தானே, திறந்து விட்டுவிடலாம்" என்கிறார் மெக்கானிக்.

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

விடவே விடாதீர்கள் அம்மா. இரண்டு கிலோவைத் திறந்துவிட்டால் மூன்றரை டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் விட்ட மாதிரி, ஓசோன் கெடுதல் தனி. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ரிக்கவரி மெஷின் கொண்டுவருகிறவரைத் தேடிப் பிடியுங்கள். சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவும் விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் மேல் லேபிள் ஒட்டுங்கள்: கேஸ் 407சி, ஆயில் பிஓஇ, எத்தனை கிலோ, என்றைக்கு. அடுத்து வருகிறவர் 22 என்று நினைத்து மேலே ஏற்றிவிட்டால், கலந்த கேஸைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது மிகவும் கஷ்டம்.