புறநரம்பா, கடைநரம்பா?

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கால் பரிசோதனை அட்டையில் போட, சர்க்கரை நோயால் நரம்பு கெடுவதற்கு (diabetic peripheral neuropathy) தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘நீரிழிவுப் புறநரம்பு நோய்’ உடற்கூறுப்படி சரிதான். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடுவதெல்லாம் புறநரம்பே. ஆனால் நோயின் பெயராக அதை ஏற்க மனம் ஒப்பவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கால் பரிசோதிக்கும் செவிலி நான். ‘புற’ என்றதும் இங்கே தோலைத்தான் நினைக்கிறார்கள்; தடவ களிம்பு கேட்கிறார்கள்.

சர்க்கரை கூடியே இருந்தால் நரம்பும் கெடுகிறது, அதற்கு ஊட்டம் கொண்டுபோகும் நுண்குழல்களும் கெடுகின்றன. நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால் கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் கைவிரல் நுனியிலும் தெரியும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எங்கள் கடைமடை வயல். இதை ஒருமுறை சொன்னால் போதும், நடவு வேலை செய்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே ‘கடைநரம்பு’.

‘கடை’ என்றால் இழிவு என்ற பொருளும் வருமே என்று கேட்டிருந்தீர்கள். கடைக்கண், கடைமடை, கடைக்கோடி என்னும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே.

அடுத்தது, ‘நோய்’ என்ற இடத்தில் வைக்கலாம் என்ற ‘மரப்பு’, அதாவது உணர்வற்றுப்போவது. நல்ல சொல், ஆனால் பாதி நோயைத்தான் சொல்கிறது. போன மாதம் நாற்று நட்டுவிட்டு வந்த ஓர் அம்மா, “பாதம் மதமதன்னு கெடக்கும்மா, பஞ்சு மேல நடக்குறாப்புல இருக்கு. ராத்திரியில போர்வை பட்டாலே எரியுது” என்றார். நத்தை ஓடு குதிகாலைக் கிழித்தது அவருக்குத் தெரியவில்லை. வாசலில் கால் கழுவும்போது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உணர்வைச் சோதிக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரலில் வைத்தேன், “வச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். உணர்வும் இல்லை, வலியும் உண்டு. இரண்டையும் தாங்குவது ‘நலிவு’தான்: தேய்ந்துபோவதும் நலிவு, துன்புறுவதும் நலிவு.

‘நீரிழிவு’ என்பதைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடவும் வேண்டாம். குடியாலும் இது வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தும் வரும், அதை ஊசியோ மாத்திரையோ கொடுத்து ஈடுகட்டலாம். எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் எழுதினால் அந்த வாய்ப்பைத் தவறவிடுவோம். ‘கடைநரம்பு நலிவு’ பொதுப்பெயர். காரணம் தெரிந்தபின் முன்னால் சேர்த்து ‘நீரிழிவுக் கடைநரம்பு நலிவு’.

முள் குத்தினால் காலை இழுக்கவைக்கும் உணர்வை, அந்த அம்மா இழந்ததை, ‘காப்புணர்வு’ என்று எழுதிவருகிறேன். அதற்கு மறுப்பு உண்டா? கால் பரிசோதனை அட்டை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. ‘நலிவு’க்கு மேலான சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள் ஐயா, மாற்றிவிடுகிறேன்.