மறு: எல்இடி ஸ்ட்ரிப்புக்குச் சொல் – 'ஒளிநாடா' சரியா?

நண்பர்களே, வணக்கம். சுவரை அலங்கரிக்க ஒட்டும் எல்இடி ஸ்ட்ரிப்புக்கும் அதையொட்டிய பொருள்களுக்கும் நாம் தேடும் தமிழ்ச் சொற்கள் பற்றி எழுதுகிறேன்.

> 'ஒளிநாடா' என்றே வைத்துக்கொள்ளலாம். சின்னச் சொல், பார்த்ததும் புரிகிறது.

ஐயா, பார்த்தால் புரிகிறது, கேட்டால் குழப்புகிறது. 'ஒலிநாடா' பாட்டுக் கேசட்டுக்கு நிலைத்துவிட்ட சொல். வீடியோ கேசட்டை 'ஒளிநாடா' என்று எழுதியவர்களும் உண்டு. அதனால் 'விளக்குநாடா' என்கிறேன்.

'நாடா' என்ற பாதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போன மாதம் எங்கள் கூடத்துச் சுவரில் இதை நானே பொருத்தினேன். ஐந்து மீட்டர் சுருளாக வந்தது. பின்பக்கத் தாளை உரித்து ஒட்ட வேண்டும். 12 வோல்ட் நாடாவில் மூன்று விளக்குக்கு ஒருமுறை செப்புப் புள்ளிகளின் நடுவே ஒரு கோடு இருக்கும், அதன்மேல் கத்தரிக்கோல் வைத்து நறுக்கலாம். சுருட்டுவது, நறுக்குவது, ஒட்டுவது எல்லாம் நாடாவின் குணம். 'ஒளிப்பட்டை' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வளையாத நீளக் குச்சியாக வரும் எல்இடி விளக்குக்கு 'விளக்குப்பட்டை' என்று அதை ஒதுக்கினால், இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாகிவிடும்.

'எல்இடி'யைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம். அதன் தமிழாக்கமான 'ஒளியுமிழ் இருமுனையம்' பாடநூலுக்குச் சரி. 'ஒளியுமிழ் இருமுனைய நாடா' என்று கடையில் யார் கேட்பார்கள்?

அடுத்தது, இந்த நாடாவை ஒட்டும், ஆங்கிலத்தில் 'ஃபீச்சர் வால்' எனப்படும் அந்தச் சுவர். 'சிறப்புச் சுவர்' என்பது சப்பென்று இருக்கிறது. 'முகப்புச் சுவர்' என்றால் வீட்டின் வாசல்பக்கம்தான் நினைவுக்கு வரும். நாலு சுவரில் ஒன்றை மட்டும் எடுப்பாகக் காட்டுவதுதானே நோக்கம்? 'எடுப்புச் சுவர்' என்போம். 'எடுப்பான நிறம்', 'எடுப்பாக இருக்கிறது' என்று வீட்டில் தினமும் சொல்கிறோம், விளக்கம் தேவைப்படாது.

ரிமோட்டை ரிமோட்டாகவே விடலாம். ஆனால் அதன் சமிக்ஞையை வாங்கும் உறுப்புக்கு ஒரு சொல் வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று நீளும், அதன் நுனியில் மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புக் குமிழ். ரிமோட் அனுப்புவது அகச்சிவப்புக் கதிர், மரப்பலகையை அது ஊடுருவாது. நான் பெட்டியோடு அதையும் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். உதவிக்கு வந்த மின்பணியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணை வெளியே எடுத்து விடுங்க சார், அது பார்க்கணும்ல" என்றார். குமிழைப் பலகையின் விளிம்புக்குக் கொண்டுவந்ததும் நிறம் மாறியது. 'அகச்சிவப்பு உணரி' என்று நாம் உட்கார்ந்து ஆக்கியதைவிட அவருடைய 'கண்' எவ்வளவு பொருத்தம்! 'ரிமோட் கண்' என்றே எழுதலாம். ரேடியோ அலையில் இயங்கும் வகைக்குக் கண் இல்லை, பெட்டியை மறைத்தே வைக்கலாம். சொல்லே அந்த வேறுபாட்டையும் காட்டிவிடுகிறது.

நாடாவின் நீளத்தில் போகப்போக மின்னழுத்தம் குறைவதைச் சொல்லும் 'மின்னழுத்த வீழ்ச்சி' ஏற்கனவே நல்ல சொல், கை வைக்க வேண்டாம். மீட்டருக்கு 60 விளக்கு, 14.4 வாட் என்றால் ஐந்து மீட்டருக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். அடாப்டர் 8 ஆம்பியர் வாங்கியும், ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்ததால் மறுமுனையில் வெள்ளை நிறம் மங்கிச் செம்மை தட்டியது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்துதான் அந்த வெள்ளை; அவற்றில் நீலமும் பச்சையும் முதலில் தளர்வதால் அப்படி. இரு முனையிலும் கொடுத்த பிறகு சரியானது.

சிக்கல் ஒன்று மிச்சம். சாதாரண நாடாவில் எல்லா விளக்கும் சேர்ந்தே நிறம் மாறும். இன்னொரு வகையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம் கொடுக்கலாம், ஒளி ஓடுவதுபோலக் காட்டுவது அதுதான். முதல் வகைக்கு 'ஒருநிற நாடா' என்றால் ஒரே நிறம்தான் வரும் என்று எண்ணிவிடுவார்கள். 'கூட்டுநிற நாடா', 'தனிநிற நாடா' என்று யோசித்திருக்கிறேன், முழு நிறைவில்லை. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றுகிறதா?