ஃபயர் ரெஜீம்: தீ ஆட்சியா, தீமுறையா, வேறா?

வணக்கம். வடபுல ஊசியிலைக் காடுகளின் பழங்காலத் தீயும் தட்பவெப்பமும் பற்றிய தொகுப்புக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. 'ஃபயர் ரெஜீம்' மட்டும் இழுபறியாக நிற்கிறது. இப்போதைக்கு 'தீ ஆட்சி' என்று போட்டிருக்கிறோம். 'தீமுறை' என்றும் ஒரு முன்மொழிவு வந்தது. கருத்துச் சொல்லுங்கள்.

——

அன்புள்ள ஐயா,

இரண்டும் வேண்டாம். இச்சொல் ஒரு தீயைக் குறிப்பதன்று. ஓரிடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தீ வந்துபோகும் பாங்கு முழுவதையும் குறிப்பது: எத்தனை ஆண்டுக்கொரு முறை வருகிறது, எந்தப் பருவத்தில், எவ்வளவு பரப்பில், தரையோடு ஊர்கிறதா, மர முகட்டில் தாவுகிறதா. வட அமெரிக்காவின் கருப்பு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கிளைகள் தரைவரை தாழ்ந்திருப்பதால் தீ எளிதில் முகட்டுக்கு ஏறி மரத்தைக் கொன்றுவிடுகிறது. சைபீரியாவின் லார்ச், ஸ்காட்ஸ் பைன் என்னும் ஊசியிலை மரக் காடுகளிலோ தரைத்தீதான் மிகுதி. பல மரங்கள் தழும்போடு பிழைக்கின்றன. குளிரும் கோடையும் ஒத்திருந்தாலும் பாங்கு வேறு.

'ஆட்சி' என்றால் தீ ஆள்கிறது, காடு அடங்கிப்போகிறது என்றாகும். பழந்தீயின் கரித்துகள் தங்கிய ஏரிப் படிவுகள் அப்படிச் சொல்லவில்லை. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடர்ப் பகுதியில் சுமார் 5500 ஆண்டுகளுக்கு முன் கருப்பு ஸ்ப்ரூஸ் பெருகியது. தட்பவெப்பம் அப்போது குளிர்ந்து ஈரமாகிக்கொண்டிருந்தது. தீ குறைந்திருக்க வேண்டும். கூடியது. எளிதில் பற்றும் மரம் வந்ததே காரணம். ஸ்காண்டிநேவியாவில் நேர்மாறு: சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கிலிருந்து பரவிய நார்வே ஸ்ப்ரூஸ் நிழலும் ஈரமும் கொண்ட அடித்தளத்தை உண்டாக்கியது, அங்கே எரிவு குறைந்தது. காடும் தீயும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. 'ஆட்சி' அதை மறைத்துவிடும்.

என் முன்மொழிவு 'தீவழமை'. இலங்கையில் 'வழமைபோல' என்பது அன்றாடப் பேச்சு. ஒருமுறை நடந்ததை யாரும் வழமை என்று சொல்வதில்லை. பலமுறை நடந்து படிந்ததற்கே அந்தப் பெயர். நமக்கு வேண்டியதும் அதுதான்.

——

> என் முன்மொழிவு 'தீவழமை'.

'வழமை' எனக்கும் பிடிக்கிறது, அம்மா. ஆனால் தீவினை, தீநெறி வரிசையில் 'தீவழமை'யைக் கெட்ட பழக்கம் என்றுதானே படிப்பார்கள்? 'தீமுறை'க்கும் அதே குறை. 'காட்டுத்தீ வழமை' என்றால் குழப்பம் தீருமா? இன்னொன்று: வழமை என்றால் மாறாதது போல ஒலிக்கிறதே.

——

முதல் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'காட்டுத்தீ' சரிவராது. அதே அலாஸ்காவில் ஸ்ப்ரூஸ் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குட்டை பிர்ச் புதர் மண்டிய தூந்திரா அடிக்கடி எரிந்திருக்கிறது. அங்கே காடே இல்லை. ஆகவே 'எரிவழமை' என்போம். 'எரி' பெயராகவும் தீயைக் குறிக்கும் பழஞ்சொல். கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கும்: எரிவழமை மாற்றம், தரைத்தீ எரிவழமை, முகட்டுத்தீ எரிவழமை.

வழமை மாறும், மாறியதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் வேலை. அலாஸ்காவின் யூகான் ஃப்ளாட்ஸ் பகுதியில் 14 ஏரிகளின் கரித்துகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வு, அண்மைப் பத்தாண்டுகளின் எரிவு கடந்த 10,000 ஆண்டு வரம்பையே தாண்டிவிட்டது என்றது. 'எரிவழமை உடைந்தது' என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

இதோடு இரண்டு சொற்களைப் பிரித்துவைக்க வேண்டும். 'எரியிடைவெளி' ஓர் இடத்துக்குரியது: அங்கே அடுத்தடுத்து வந்த இரு தீகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகள். 'எரிசுற்றுக்காலம்' பரப்புக்குரியது: 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்குச் சராசரி 10,000 ஹெக்டேர் எரிந்தால் 100 ஆண்டு. அதற்குள் சில துண்டுகள் இருமுறை எரியலாம், சில எரியாமலே நிற்கலாம்.

எரியிடைவெளியை ஏரிச் சேற்றிலிருந்து எடுக்கும் முறையையும் விளக்கத்தில் சேருங்கள். அது தெரியாமல் எண்ணை நம்பக்கூடாது. ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தண்டை இடைவெளி விடாமல் 1 செ.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக வெட்டி, சேற்றுக் கட்டியைப் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில் ஊறவைத்து, பிளீச் சேர்க்கிறார்கள். மற்ற தாவரத் துணுக்குகள் வெளுக்கும், கரி கருப்பாகவே நிற்கும். பிறகு சுமார் 150 மைக்ரான் சல்லடையில் மெல்ல அலசி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஒரு துகள் பத்தாக நொறுங்கி, இல்லாத தீ ஒன்று கணக்கில் ஏறிவிடும். கருங்கனிமமா கரியா என்ற ஐயம் வந்தால் ஊசியால் அழுத்துங்கள், கரி நொறுங்கும். ஒரு துண்டு எத்தனை ஆண்டைக் கொண்டிருக்கிறது என்பதே பெரிய சிக்கல். அது எரியிடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இருப்பது நல்லது; மிஞ்சினால் இரண்டு தீ கரி எண்ணிக்கையில் ஒரே உச்சமாக ஒட்டிக்கொள்ளும், இடைவெளி பொய்யாக நீளும். 150 ஆண்டுக்கொரு முறை எரியும் காட்டில், ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் படியும் ஏரி என்றால் 1 செ.மீ. துண்டு 20 ஆண்டு, போதும்.

கடைசியாக, பட்டியலில் 'இன்டென்சிட்டி', 'செவரிட்டி' இரண்டுக்கும் 'தீவிரம்' என்றே இருக்கிறது. தயவுசெய்து பிரியுங்கள். முன்னது தீமுனையின் ஒரு மீட்டர் நீளம் வெளியிடும் வெப்பத் திறன், கிலோவாட்டில் அளப்பது. அதற்கு 'எரிசெறிவு' போதும். பின்னது எரிந்தபின் எவ்வளவு அழிந்தது, எது மிஞ்சியது என்பது, 'எரிகடுமை' எனலாம். சுடரே இல்லாமல் நாட்கணக்கில் புகையும் தீ எரிசெறிவில் மிகக் குறைவு, எரிகடுமையில் மிகுதி. பாசியும் மக்கும் சேர்ந்த தடித்த மேலடுக்கை அது தின்று கனிம மண்ணைத் திறந்துவிடும். அந்த மண்ணில்தான் காற்றில் வரும் பிர்ச், ஆஸ்பென் விதைகள் வேரூன்றுகின்றன. ஸ்ப்ரூஸ் நின்ற இடம் இலையுதிர் காடாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த மாற்றத்தைத் தமிழில் எழுதவே முடியாது.