காரின் உடைந்த முன் கிரில்லில் வலை வைப்பது: எந்த வலை, எப்படிப் பொருத்துவது?

பழையசெடான்:
வணக்கம். 20 வருட வண்டி. முன் கிரில்லில் குறுக்குப் பட்டைகள் நாலு போய்விட்டன. வெளிச் சட்டமும் கிளிப்புகளும் நன்றாக இருக்கின்றன. புது கிரில் எங்கும் கிடைக்கவில்லை. திறப்பு 76 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். மீதிப் பட்டைகளையும் வெட்டிவிட்டு உள்ளே கறுப்பு வலை வைக்க யோசனை. எந்த வலை வாங்குவது, எதை வைத்து ஒட்டுவது? ஜன்னல் கொசுவலை ஒரு துண்டு கையில் இருக்கிறது, அது ஆகுமா? எஞ்சின் சூடேறுமா?

தகரவேலை:
சட்டம் முழுசாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அலுமினிய எக்ஸ்பேண்டட் மெஷ் (தகட்டைக் கீறி இழுத்து விரித்த வலை) வாங்குங்கள், தகடு 1 மி.மீ.க்குக் குறையாமல். 0.5 மி.மீ. தகடு வண்டி கழுவும்போதே குழிந்துவிடும். வலையின் கண் (ஓட்டை) 6×12 மி.மீ. அளவில் இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். சுற்றிலும் 2.5 செ.மீ. கூடுதல் வேண்டும், அதனால் 90×20 செ.மீ. துண்டு தாராளம்.

பட்டைகளை வெட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். சட்டத்தை நேராகப் பிடித்திருப்பவையே அந்தப் பட்டைகள்தான். எல்லாவற்றையும் எடுத்தால் 76 செ.மீ. நீளத்துக்கு மேல் விளிம்பு நடுவில் தொய்ந்து, போனட்டுக்கும் கிரில்லுக்கும் இடையே சந்து தெரியும். நடுவில் ஒரு நெட்டுப் பட்டையையாவது விட்டுவைத்துக் கறுப்பு அடித்துவிடுங்கள். கறுப்பு வலையோடு சேர்ந்து அது அவ்வளவாகத் தெரியாது. மற்றவற்றை ஆக்சா பிளேடால் 3 மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஒட்ட அறுத்தால் சட்டத்தில் கீறல் விழும்.

பிறகு கிரில்லைக் கவிழ்த்து வைத்து அட்டையில் பின்பக்க வடிவத்தை எடுங்கள். முன்பக்கம் அளந்தால் வலை சிறியதாகிவிடும். கிரில்லுக்கு வளைவு இருந்தால் முதலில் வலையை ஒரு குழாய்மேல் வைத்து வளைத்துவிட்டு, அதன் பிறகே கடைசி அளவுக்கு வெட்டுங்கள். கம்பிகள் சேரும் முடிச்சில் தகரக் கத்தரியை வையுங்கள். நடுக்கம்பியில் வெட்டினால் ஊசி ஊசியாக நிற்கும், கையைக் கிழித்துவிடும். கையுறை கட்டாயம்.

பெயிண்ட் பொருத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வெறும் அலுமினியத்தில் நேராக ஸ்ப்ரே அடித்தால் கல் பட்ட இடத்திலெல்லாம் உரியும். தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க எட்ச் பிரைமர் ஒரு கோட், மேட் பிளாக் மெல்லிசாக மூன்று கோட், நடுவில் பத்துப் பத்து நிமிடம். நேராக மட்டும் அடித்தால் கண்களின் உள்விளிம்பு வெள்ளையாகவே நிற்கும். நாலு பக்கமும் சாய்த்து அடியுங்கள்.

ரேடியேட்டர்காரர்:
கொசுவலை வேண்டாம். 1.2 மி.மீ. கண், 0.3 மி.மீ. கம்பி என்று வைத்தால் திறந்த பரப்பு 1.2÷1.5-இன் வர்க்கம், அதாவது 64%. கணக்கில் மோசமில்லை என்று தோன்றும். ஆனால் கண் சிறுத்தால் காற்றுக்குத் தடை அதிகம். ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் பூச்சியும் தூசியும் அடைத்து அந்த 64%-உம் பாதியாகிவிடும். 10 மி.மீ. கண், 1 மி.மீ. கம்பி என்றால் சுமார் 83%, பூச்சியும் அவ்வளவாகத் தங்காது.

எக்ஸ்பேண்டட் மெஷில் இன்னொன்றைக் கவனியுங்கள். தட்டையாக்கப்படாத வகையில் கம்பிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் வைத்தால் திறந்து தெரியும், மறுபக்கம் மூடின மாதிரி இருக்கும். நிற்கும் ஆளின் கண் மேலிருந்து பார்க்கிறது, காற்றோ நேராக வருகிறது. அதனால் கிரில் உயரத்துக்குக் குனிந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொருத்தியபின் ஏசி போட்டு 20 நிமிடம் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓட) விடுங்கள், பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஐடிலில் ஃபேன் காப்பாற்றிவிடும். வலையின் தடை தெரிவது ஓட்டத்தில்தான். எஞ்சின் சூடு காட்டும் ஊசி வழக்கமான இடத்தைத் தாண்டினால் பெரிய கண்ணுள்ள வலைக்கு மாறுங்கள்.

பழையசெடான்:
மிக்க நன்றி. கிரில்லின் பின்பக்கம் "பிபி" என்று அச்சிட்டிருக்கிறது. எபாக்ஸி வைத்து ஒட்டலாமா?

தகரவேலை:
கேட்டது நல்லதாயிற்று. பிபி என்றால் பாலிபுரோப்பிலீன், அதில் எபாக்ஸி பிடிக்காது. காய்ந்தபின் கெட்டியாகத் தெரியும், ஒரு மாத அதிர்வில் ஓடு மாதிரி கழன்று வரும். "ஏபிஎஸ்" (வேறு வகைப் பிளாஸ்டிக்) என்றிருந்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, 8 செ.மீ.க்கு ஒரு இடமாக எபாக்ஸி வைத்து 24 மணி நேரம் கிளாம்ப் போடலாம். குரோம் பூச்சு இருந்தால் ஒட்டும் இடத்தில் அதைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடிப்பது பூச்சை மட்டும்தான். குளூ கன் எதற்கும் ஆகாது, எஞ்சின் சூட்டில் இளகும்.

உங்களுக்கு ஸ்க்ரூதான் வழி. சட்டத்தின் பின்விளிம்பில் 10 செ.மீ.க்கு ஒன்றாக 3.2 மி.மீ. துளை, எம்3 (3 மி.மீ.) ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, வலைமேல் அகல வாஷர், நைலான் உள்ள லாக் நட். வலைக்கும் ஸ்டீலுக்கும் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். மழைநீர் பட்டால் ஸ்டீல் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். வாஷர் வளையும் அளவுக்கு இறுக்க வேண்டாம், பிபி விரியும்.

ரேடியேட்டர்காரர்:
சட்டமும் வலையும் தொடும் இடமெல்லாம் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் 60 கி.மீ. வேகத்தில் கிரில் ஜிவ்வென்று பாடும். மாட்டும் முன் போனட் பூட்டு, ஹாரன், ஏசி கண்டென்சர் எதிலும் ஸ்க்ரூ முனை இடிக்கவில்லை என்று கையை விட்டுப் பாருங்கள். கண்டென்சருக்கு 15 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். நீண்ட முனைகளை வெட்டி அரம் போட்டுவிடுங்கள். கண்டென்சரில் உரசி ஓட்டை விழுந்தால் ஏசி கேஸ் முழுதும் போய்விடும்.