‘பேர்ட்’ படம் சார்லி பார்க்கரின் வீழ்ச்சியைக் காட்டியது. அவருடைய சாதகத்தைக் காட்டியதா?

வேங்கைமரம்:
க்ளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் இயக்கிய ‘பேர்ட்’ படத்தைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். 161 நிமிடங்களில் அவர் அயோடின் குடித்து உயிரை விடத் துணிவதையும், ஹெராயினுக்கும் மதுவுக்கும் நடுவே அல்லாடுவதையும், மகள் இறந்த செய்தி கேட்டு மனைவி சானுக்குத் தந்திக்கு மேல் தந்தி அனுப்புவதையும் பார்க்கிறோம். அந்த வாத்தியம் அவருக்கு எப்படி வசப்பட்டது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

1936இல் கான்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் சிறுவன் பார்க்கர் வாசிப்பில் தடுமாறியபோது, ட்ரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தம் ட்ரம்ஸிலிருந்து ஒரு சிம்பலை, அதாவது உலோகத் தாளத்தட்டை, கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்பது ஜாஸ் ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. படத்தில் அந்தச் சிம்பல் திரும்பத் திரும்பக் காற்றில் சுழன்று வருகிறது. ஆனால் மறு ஆண்டுக் கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் ஓர் இசைக்குழுவுடன் தங்கி, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு அவற்றை மனப்பாடம் செய்தாரே, அது எங்கே போயிற்று? நாளொன்றுக்குப் 11 முதல் 15 மணி நேரம் வரை, மூன்று நான்கு ஆண்டுகள் சாதகம் செய்ததாக 1954இல் சக சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்டுடனான வானொலி உரையாடலில் அவரே சொல்லியிருக்கிறார். அவமானத்தை நினைவில் வைத்திருக்கும் படம் உழைப்பை மறந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

நெய்தல்:
நண்பர் வேங்கைமரம் அவர்களுக்கு வணக்கம். தங்கள் வருத்தம் புரிகிறது. முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை. சான் எழுதிவைத்திருந்த நினைவுக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு எடுக்கப்பட்ட படம் இது. ஒரு மனைவி அருகிலிருந்து பார்த்த மனிதரை அது காட்டுகிறது. அவர் பார்க்காத ஓசார்க் கோடை அதில் இல்லாதது இயல்பு.

இப்படத்தின் உண்மையான சாதனை அதன் ஒலியில் இருக்கிறது. வேறொருவரை வாசிக்க வைத்துப் பார்க்கர் என்று காட்டிவிட ஈஸ்ட்வுட் விரும்பவில்லை. இசைப் பொறுப்பாளர் லென்னி நீஹாஸ் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து, சான் பாதுகாத்து வைத்திருந்த தனிப்பதிவுகள் உட்பட, பார்க்கரின் சாக்ஸபோனை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குப் புதிதாகப் பக்கவாத்தியம் சேர்த்தார். டபுள் பாஸ் வாசித்தவர்களில் ஒருவர் ரே பிரவுன். அவர் பார்க்கருடனேயே மேடையேறியவர். படத்தில் ஒரு பாத்திரமாக வரும் ட்ரம்பெட் கலைஞர் ரெட் ராட்னியும் தாமே வந்து வாசித்தார். பழைய பதிவு கிடைக்காத இடங்களில் மட்டும் சார்ல்ஸ் மெக்ஃபெர்சன் சாக்ஸபோன் வாசித்தார். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருது இப்படத்துக்குக் கிடைத்ததும், பார்க்கராக நடித்த ஃபாரஸ்ட் விட்டேக்கர் கான் விழாவில் சிறந்த நடிகர் ஆனதும் தற்செயல் அல்ல.

வேங்கைமரம்:
தாங்கள் சாதனை என்று சொல்லும் இடத்தில்தான் நான் பெரிதும் முரண்படுகிறேன். பார்க்கர் வாசித்த பீபாப் என்ற ஜாஸ் பாணி தனி ஆவர்த்தனம் அன்று, அது உரையாடல். 1945 நவம்பரில் பதிவான ‘கோ கோ’வைக் கேளுங்கள். மேக்ஸ் ரோச்சின் ட்ரம்ஸ் ஓரிடத்தில் உந்துகிறது, ஓரிடத்தில் வழிவிடுகிறது. பார்க்கரின் ஒவ்வொரு சொற்கட்டும் அதைக் கேட்டுப் பிறக்கிறது. உடன் வாசித்தவர்களைத் துடைத்தெடுத்துவிட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொருவரை அமர்த்தினால், பார்க்கர் அங்கே இல்லாத ஒருவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் கச்சேரி ஒன்றில் மிருதங்கத்தை மட்டும் நீக்கி வேறொருவரை வாசிக்கச் சொன்னால் ஏற்போமா? படத்தின் கதையிலும் இதே போக்குதான்: சுற்றியிருந்த சமூகம் மங்கிப்போய், ஒரு மனிதரும் அவருடைய துன்பமும் மட்டும் இருட்டில் நிற்கின்றன. விமர்சகர் ஸ்டான்லி க்ரௌச் இப்படத்தைக் கடுமையாகச் சாடியது நினைவிருக்கும்.

நெய்தல்:
உரையாடல் என்ற தங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் அந்தத் தனிப்பதிவுகள் பலவற்றின் தரம் மிக மோசமானது. பெரிய திரையரங்கில் முதன்முறையாகப் பார்க்கரைக் கேட்கப்போகிற ஒருவருக்கு, அந்த மூச்சும் அந்த விரல்வேகமும் சிதையாமல் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தது தவறாகாது. சமூகம் மங்கிவிட்டது என்பதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. பார்க்கரின் தோழரான ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, தாம் ஏன் நேரம் தவறாமல் மேடைக்கு வருகிறார் என்று விளக்கும் காட்சியைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். கறுப்பினத்தவர் பொறுப்பற்றவர் என்று எதிர்பார்ப்பவர்களின் எண்ணத்தை மெய்யாக்க மறுப்பதே அவருடைய போராட்டம். தாம் சீர்திருத்த முயல்வதாகவும், பார்க்கர் தியாகியாக முயல்வதாகவும், உலகம் தியாகிகளையே நெடுநாள் நினைவில் வைப்பதாகவும் அவர் சொல்கிறார். தாங்கள் எழுப்பிய குற்றச்சாட்டைப் படம் தன்னிடமே எழுப்பிக்கொள்கிறது.

சித்திரைவெயில்:
இருவரையும் படித்தபின் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1946 ஜூலை 29 அன்று டயல் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான ‘லவர் மேன்’ தட்டைக் கேட்டிருப்பீர்கள். பியானோ முன்னுரை முடிகிறது. சாக்ஸபோன் நுழையவேண்டிய இடம் வெறுமையாகக் கடந்துபோகிறது. அதன் பிறகே பார்க்கர், கால் பாவாதவர் போல, தொடங்குகிறார். அன்றிரவே விடுதியில் தீப்பற்றி, அவர் கைதாகி, கமரில்லோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதங்கள் இருக்க நேர்ந்தது. தயாரிப்பாளர் ராஸ் ரஸ்ஸல் அந்தத் தட்டை வெளியிட்டார். பார்க்கருக்கு அது பொறுக்கவில்லை. உடைந்துபோன ஒரு நாளை எல்லோரும் காசு கொடுத்துக் கேட்பதா என்ற அவருடைய கோபம் இந்தப் படத்துக்கும் பொருந்தாதா? நான் அந்தத் தட்டை நேசிக்கிறேன் என்பதால்தான் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

வேங்கைமரம்:
நான் சொல்லத் தவித்ததைத் தாங்கள் சொல்லிவிட்டீர்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏழு மாதம் கழித்து, 1947 பிப்ரவரியில், அதே நிறுவனத்துக்காக அதே மனிதர் ‘ரிலாக்ஸின் அட் கமரில்லோ’வைப் பதிவு செய்தார். பன்னிரண்டு அளவைகள் கொண்ட எளிய ப்ளூஸ் சட்டகம்தான். அதற்குள் தாளத்தை இடறவைத்து இடறவைத்து அவர் மெட்டை நெய்திருக்கும் விதம் தெளிந்த அறிவின் வேலை. ஜூலைப் பதிவை எடுப்பவர்கள் பிப்ரவரிப் பதிவையும் எடுக்கட்டும்.

நெய்தல்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பார்க்கர் 1955 மார்ச் 12 அன்று இறந்தபோது அவருக்கு 34 வயது. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைக் கடந்தவர் என்று கணித்தார். அந்த இடைவெளியைத்தான் ஈஸ்ட்வுட் படமாக்கினார் என்று இப்போதும் நம்புகிறேன். பிப்ரவரிப் பதிவை இன்றிரவு கேட்கிறேன். அதன்பின் படத்தை முதலிலிருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.