அலுவலகத்தில் இணையத் தொலைபேசி: தயங்கியவர்களும் ஏற்றுக்கொண்டவர்களும்

பகிர்வு 1: நிர்வாகப் பிரிவு ஊழியர், பேராக்

இணையத் தொலைபேசிக்கு மாறலாம் என்று பேச்செடுத்தாலே கட்டணம் குறையும் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரமொன்றில் பொது அலுவலக நிர்வாகத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டணக் குறைப்பு மேலிடத்தின் சம்மதத்தை வாங்கித் தந்ததே தவிர, ஊழியர்களின் மனத்தை மாற்றவில்லை. தொலைபேசிக் கட்டணத்தை யாரும் தம் சம்பளத்திலிருந்து கட்டுவதில்லையே!

முதல் எதிர்ப்பு மின்தடையால் வந்தது. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு வேண்டிய ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், நகரமே இருண்டு கிடந்தாலும் மணி அடிக்கும். புதிய கருவியோ கட்டடத்தின் மின்சாரத்தை நம்பி இருப்பது. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போனபோது, மின்கலத்தால் சற்று நேரம் மின்சாரம் தரும் யு.பி.எஸ். இருந்தும் மேசைத் தொலைபேசிகள் அனைத்தும் அணைந்துவிட்டன. காரணம் பிறகுதான் தெரிந்தது: யு.பி.எஸ். சர்வருக்கு மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. தொலைபேசிகளை வலையமைப்போடு இணைத்து, அவற்றுக்கு மின்சாரமும் அனுப்பும் சுவிட்ச் என்ற கருவி, நடைவழி அலமாரியில் சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால், "இது மழைக்காலத்துக்கு உதவாது" என்ற பெயர் பல மாதங்கள் நிலைத்துவிட்டது.

குரல் அறுபடுவதற்கு இணைய வேகத்தைக் குறை சொல்பவர்கள் அதிகம். குரலை எண்ணியல் வடிவாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் போதும் என்பதால், பெரும்பாலான அலுவலகங்களில் வேகம் ஒரு தடையே அல்ல. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு பெரிய கோப்புகளை அனுப்பும் வேளையில், குரலும் கோப்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதுதான் சிக்கல். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு எங்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது.

எல்லாரையும்விட முக்கியமானவர், முகப்பில் அழைப்புகளை மாற்றிக் கொடுக்கும் அக்காதான். எந்தக் குழுக் கூட்டத்துக்கும் அவரை அழைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே. அவர் சொன்னது இது: "தம்பி, தோட்டத்திலிருந்து கூப்பிடும் பெரியவருக்கு இரண்டு முறை லைன் அறுந்தால், மூன்றாவது முறை கூப்பிட மாட்டார், பஸ் ஏறி நேரில் வந்துவிடுவார்." புதிய கருவியின் பொத்தான்களை அவர் வெறுத்தார், எந்தப் பிரிவுக்கு எந்த எண் என்பதை அட்டையில் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார். ஆனால், எடுக்கத் தவறிய அழைப்புகள் திரையில் வரிசையாக நிற்பதைக் கண்டு, மதிய உணவுக்குப் பின் அந்த எண்களைத் தாமே திரும்ப அழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தக் கருவியைப் பிறர் குறைசொல்ல அவர் விடுவதில்லை. ஒரு தொழில்நுட்பம் எளிதாக இருப்பதைக் காட்டிலும் பயனுள்ளது என்று தோன்றுவதே பயன்பாட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்று தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்ந்த பிரெட் டேவிஸ் 1989-இல் எழுதினார். எங்கள் முகப்பில் அது அப்படியே நடந்தது.

பகிர்வு 2: தொலைபேசிப் பொருத்துநர்

நிர்வாகப் பிரிவு ஐயா மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் வேலை செய்த பொது அலுவலகங்களில் தயக்கத்துக்கு முதன்மையான காரணம், பழுதுக்கு யார் பொறுப்பு என்பது தெரியாமல் இருந்ததே. இணைய இணைப்பு ஒருவருடையது, அலுவலக அழைப்புகளை உள்ளே பிரித்துக் கொடுக்கும் பி.ஏ.பி.எக்ஸ். மற்றொருவருடையது, அலுவலகத்தின் உள்வலையமைப்பு தலைமையகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவினுடையது. ஓசை ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று புகார் செய்தால், மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ஒப்பந்தத்திலேயே பழுதைப் பார்க்க வேண்டியவர் இன்னார் என்று எழுதியிருந்த அலுவலகங்கள் விரைவாக மாறின.

அடுத்தது எண். மருத்துவ அட்டையிலும் தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகையிலும் அச்சாகியிருக்கும் பழைய எண்ணை விட்டுவிட்டு, இணையத் தொலைபேசிக்கான, 0154 என்று தொடங்கும் புதிய எண்ணிலிருந்து அழைத்தால், மோசடி அழைப்பு என்று எண்ணி மக்கள் எடுப்பதில்லை. பழைய எண்ணையே புதிய முறைக்குக் கொண்டுவர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தொலைநகலை மறந்துவிடாதீர்கள். இணையவழித் தொலைநகலுக்கான டி.38 முறையை ஏற்காத அடாப்டரில் (பழைய கருவியைப் புதிய முறையோடு இணைக்கும் பெட்டியில்) பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். அதற்காகவே சில அலுவலகங்களில் ஒரு செம்புக் கம்பி இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காவலர் அறைத் தொலைபேசியையும் அதிலேயே இணைத்துக் கொடுத்தேன்.