இரண்டு அரிசிச் சிப்பம் எடையில் ஒரு நாய்: பெரிய இன நாய் வளர்த்தவர்கள் சொல்கிறார்கள்

தாம்பரம்வாசி

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரண்டு வருடமாகக் கிரேட் டேன் நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பொதுத்தேர்வு முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சொந்த வீடு, ஆனால் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குட்டியின் விலையை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை வளர்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

சீசர் வீடு, மதுரை

நீங்கள் கேட்ட அதே இனம்தான் என் வீட்டில் இருக்கிறது, ஐயா. சீசருக்கு இப்போது ஐந்து வயது, எடை 58 கிலோ. கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வாங்குகிறோம் அல்லவா, அப்படி இரண்டு சிப்பம், அதற்கு மேல் எட்டு கிலோ.

நாற்பத்தைந்தாவது நாள் என் மடியில் வந்து படுத்தபோது ஆறு கிலோதான். முதல் பிறந்த நாளுக்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டான். இத்தனை வேகமாக வளர்கிறானே, எலும்புக்குச் சத்து வேண்டாமா என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டுக் கால்சியம் சிரப் கொடுத்தேன். மருத்துவர் கோபித்துக்கொண்டார். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அளவுக்கு மீறினால் எலும்பும் மூட்டும் கோணலாகிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. வளரும் மாதங்களில் மாடிப்படி ஏறி இறங்குவதும் மூட்டுக்கு நல்லதல்ல. இரண்டாம் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பாதி கடைத் தீவனம், பாதி வீட்டில் வேகவைத்த கோழியும் சோறும். மாதம் ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆகிறது. உண்ணிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாத்திரை. நான் வாங்கும் வகையில் ஒரு மாத்திரை 56 கிலோ வரைதான். சீசர் அதற்கு மேல் என்பதால் கூடவே சின்ன மாத்திரை ஒன்றும் வாங்க வேண்டியிருக்கிறது. குடற்புழு மருந்து, ஆண்டிபயாடிக், மயக்க ஊசி எல்லாமே எடைக் கணக்குதான். பக்கத்து வீட்டு பொமரேனியனுக்கு அரை மாத்திரை என்றால் இவனுக்கு ஐந்து.

இதெல்லாம் எதிர்பார்த்த செலவு. எதிர்பாராதது போன ஆண்டு ஆடி மாதம் வந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டான். பத்தரைக்கு எழுந்து கூடத்தில் இங்கும் அங்கும் நடக்க ஆரம்பித்தான். வாந்தி எடுக்க முயல்கிறான், நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தவில் தோல் போல விறைத்திருந்தது. தட்டினால் சத்தமே கேட்டது. மருத்துவருக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் நான் சொன்னதைக் கேட்டதும், "வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம், விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்" என்றார். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வரும் ஆபத்து இது. வயிற்றில் காற்று நிரம்பி, இரைப்பை அப்படியே திரும்பிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.

அதற்குள் அவன் கால்கள் மடங்கிவிட்டன. மனைவியும் நானும் மெத்தை விரிப்பை அவன் அடியில் செருகி, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினோம். தரை வீடு, வாசல் வரை பதினைந்து அடிதான். மூன்று முறை கீழே வைத்தோம். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் போய்விட்டார்கள். தெருமுனையில் காய்கறி ஏற்றும் சின்ன லாரி வைத்திருக்கும் தம்பியை எழுப்பினேன். லுங்கியோடு ஓடி வந்து வண்டியை எடுத்தான். பின்னால் நான் உட்கார்ந்து சீசரின் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டேன். ஈறுகளை விளக்கொளியில் பார்த்தபோது இளஞ்சிவப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது.

குழாய் விட்டுக் காற்றை இறக்கி, வயிற்றைத் திறந்து இரைப்பையைத் திருப்பி வைத்து, மறுபடி முறுக்காமல் இருக்க வயிற்றுச் சுவரோடு தைத்தார்கள். மூன்று நாள் சேர்த்து 52,000 ரூபாய். பையில் இருந்தது நாலாயிரம். மீதியை விடிவதற்குள் மைத்துனர் அனுப்பினார். இப்போது சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம், சாப்பிட்ட உடனே ஓட விடுவதில்லை. கருத்தடை செய்யும்போதே இரைப்பையையும் இப்படித் தைத்துவிடலாமாம். அன்றே யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்பேன். நீங்கள் வாங்கினால் முதல் வருடத்திலேயே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இந்த இனம் பொதுவாக ஏழிலிருந்து பத்து வயது வரைதான் வாழும். உங்கள் மகன் கல்லூரி முடித்து வேலை தேடும் நேரத்தில் இவன் கிழவனாகியிருப்பான்.

வாடகைவீட்டுக்காரி, வேளச்சேரி

சுருக்கமாக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது லாப்ரடார், 34 கிலோ. ஆறு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டேன். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டிச் சங்கத்திடம் பேசலாம். வீட்டு உரிமையாளர் "வேறு வீடு பாருங்கள் அம்மா" என்றால் அதைக் காட்டி என்ன செய்வது? நாயோடு குடியேற இரண்டு மாத முன்பணம் கூடுதலாகக் கொடுத்தேன். மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்ட அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் ஐயாவுக்குச் சொந்த வீடு என்பது பெரிய பாக்கியம்.

ராக்கியின் அப்பா, கோவை

நான் எழுதப்போவது என் தவறு. இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

ராக்கி ராட்வைலர், 45 கிலோ. யாரையும் கடித்ததில்லை. அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம், விடியற்காலை. பால் பாக்கெட் எடுக்கக் கேட்டைத் திறந்தேன், சங்கிலி கையில் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ராக்கிக்கு அவரை மிகவும் பிடிக்கும். தினமும் பிஸ்கட் தருபவர். பாய்ந்து போய் முன்னங்கால்களை அவர் தோளில் வைத்தான், அவ்வளவுதான். பாட்டி கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. நான் ஓடியபோது ராக்கி அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தான். அவன் கறுப்பு மார்பு முழுக்க வெள்ளைக் கோலமாவு.

தகடு வைத்து அறுவை சிகிச்சை. 90,000 ரூபாயும் பிறகு இரண்டு மாத இயன்முறை சிகிச்சையும் நான்தான் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? பாட்டியின் மகன் காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்து மனிதருக்கு ஆபத்து விளைவித்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பாட்டிதான் மகனைத் தடுத்தார். "அது குழந்தை, பிரியத்தில் வந்தது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுத் தெருவிலேயே அழுதேன்.

கடிக்காத நாய் என்பதால் ஆபத்தில்லாத நாய் ஆகிவிடாது. பொமரேனியன் அன்போடு பாய்ந்தால் புடவையில் மண் ஒட்டும். நம் நாய் பாய்ந்தால் எலும்பு முறியும். இப்போது கேட்டுக்கு உள்ளே இன்னொரு கம்பிக் கதவு போட்டிருக்கிறேன். ஒன்று மூடாமல் மற்றது திறக்காது. பயிற்சியாளர் ஆறு மாதம் வந்தார், மாதம் ஐயாயிரம். ராக்கியைவிட எனக்குத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார். வெளியே போனால் குறுகிய கயிறு, வாய்க்கூடு. சிறுபிள்ளைகள் எதிரே வந்தால் நான்தான் தெருவைக் கடந்து மறுபக்கம் போவேன், அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இதே இன நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை எல்லாரும் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ராக்கியைக் கண்டால் அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாயல்ல, நான்.

முத்துவின் ஆள், ராஜபாளையம்

எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட ராஜபாளையம் இன நாயைப் பற்றி ஒரு வார்த்தை. முத்து வெள்ளை வெளேர் என்று, ரோஸ் நிற மூக்கோடு இருப்பான். உயரத்தில் பெரியவன், உடம்பில் ஒல்லி. தீவனச் செலவு கிரேட் டேனில் பாதிகூட இல்லை. வெயில் அவனுக்குப் பழக்கம்.

ஆனால் ஒன்று. சுத்த வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு. முத்துவுக்கும் கேட்காது. வாங்கும்போது தெரியவில்லை. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது, மற்றவை சத்தம் கேட்டு ஓடினால் செவிட்டுக் குட்டியும் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடிவிடும். தனியாகத் தூங்கும்போது முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. எல்லாரும் திரும்பினோம், அவன் மட்டும் இமைகூட அசைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடு என்றார்கள். கொடுக்கவில்லை. தரையில் காலால் இரண்டு முறை தட்டினால் அதிர்வில் எழுந்து வருவான். உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவான். இதைப் பழக்க ஒரு வருடம் ஆனது. கயிறில்லாமல் அவனை வெளியே விட முடியாது, வண்டிச் சத்தம் தெரியாதே.

சைதாப்பேட்டையில் அரசு கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இருக்கிறது. நாட்டு இனங்களை அங்கே போய்ப் பாருங்கள், தாம்பரத்துக்குப் பக்கம்தான்.

ராணியின் அக்கா, திருச்சி

செலவைப் பற்றி அண்ணன்கள் எழுதிவிட்டார்கள். கடைசிக் காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ராணி ஜெர்மன் ஷெப்பர்டு. பத்து வயதில் பின்னங்கால்கள் தளர ஆரம்பித்தன. இடுப்பு மூட்டுத் தேய்மானம், இந்த இனத்துக்கு அதிகம் வருவது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தால் முன்னங்கால்களால் நடப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒன்றரை வருடம். இரவு இரண்டு மணிக்கு ஒரு மாதிரி முனகுவாள். படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடக் கூடாது என்ற கூச்சம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது. நான் எழுந்து வரும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள். ஒரே பக்கம் படுத்தால் புண் வந்துவிடும் என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டோம். அம்மாவின் முதுகு அப்போது போனதுதான். சித்தி மகள் திருமணத்துக்கு முகூர்த்தத்துக்கு அம்மா போனார், வரவேற்புக்கு நான் போனேன்.

அவள் இறந்தது ஐப்பசி மழையில். பெரிய நாய்க்குக் குழி ஐந்தடி ஆழமாவது வேண்டும், இல்லாவிட்டால் தெருநாய்கள் தோண்டிவிடும். மாமாவின் தோட்டத்தில் இரண்டு பேர் மூன்று மணி நேரம் வெட்டினார்கள். தண்ணீர் ஊற ஊற வாளியால் இறைத்தோம்.

மறுபடி வளர்ப்பீர்களா என்று கேட்டால் வளர்ப்பேன். அம்மாவால் தூக்க முடிகிற நாயாகப் பார்த்து.

மருந்தக உதவியாளர், சென்னை

இரண்டே விஷயம். உண்ணிக் காய்ச்சலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். மூக்கில் ரத்தம் வந்த பிறகு வருபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்போது ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

இரண்டாவது, அந்த ரத்தத்தைக் கொடுப்பதும் உங்கள் நாய்களைப் போன்ற பெரிய நாய்கள்தான். 25 கிலோவுக்கு மேல், ஊசியெல்லாம் போட்டு ஆரோக்கியமாக இருக்கும் நாய் கொடுக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்த வங்கி இருக்கிறது. ராக்கியின் அப்பா போன்றவர்கள் தங்கள் ஊரிலும் விசாரித்துப் பதிவு செய்தால் ஒரு சின்ன நாய் பிழைக்கும்.

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் நன்றி. மகனை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னேன். ராணியைப் பற்றிப் படிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தான்.

நேற்று இரவு அவனே ஒரு யோசனை சொன்னான். இரண்டு அரிசிச் சிப்பத்தை மெத்தை விரிப்பில் வைத்துக் கட்டினோம். தலைப்பக்கம் மனைவி, கால்பக்கம் நான், விளக்கோடு அவன் முன்னால். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கினோம். முதல் திருப்பத்திலேயே விரிப்பு மனைவியின் கையிலிருந்து நழுவியது. நான்கு இடத்தில் இறக்கி வைத்துக் கீழே வரப் பதினோரு நிமிடம் ஆனது. சிப்பம் முனகாது, உதறாது. மகன் கடைசிப் படியில் உட்கார்ந்து, "இரண்டு வருடத்தில் நான் விடுதிக்குப் போய்விடுவேன் அப்பா, அப்போது நீங்கள் இருவர்தான்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் ராஜபாளையம் நண்பரிடம் கேட்கச் சொன்னான்: முத்துவின் எடை எவ்வளவு?

முத்துவின் ஆள், ராஜபாளையம்

29 கிலோ. ஆனால் தினமும் ஓட இடம் வேண்டும், மாடி வீட்டில் அடைத்து வைத்தால் சுவரைப் பிராண்டுவான். விடுமுறைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாம்பரத்தில் பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். முத்துவை ஓட்டத்துக்குக் கொண்டுபோகாமல் காத்திருக்கிறேன்.